கண்டி வீதியின் மற்ற முனை

எங்களில் இரண்டு பேரின் வீட்டு விலாசம் 'கண்டி வீதி' என்றுதான் முடியும். பள்ளிக்கூடம் போனது கண்டி வீதியால, ரியூசனுக்குப் போனது கண்டி வீதியால, சைக்கிள் காத்துப்போய் உருட்டிக்கொண்டு வந்ததும் கண்டி வீதியால. ஆனால் இருபத்தைந்து வயதுவரைக்கும் எங்களில் ஒருத்தியும் கண்டிக்குப் போனதில்லை.

ஏ9 வீதி 320 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஒரு முனை யாழ்ப்பாணம், மற்ற முனை கண்டி. எங்கட சின்ன வயதில் அது திறந்திருந்த காலத்தைவிடப் பூட்டியிருந்த காலம்தான் கூட. 2002இல் திறந்தார்கள், 2006இல் திரும்பப் பூட்டினார்கள், போர் முடிந்த பிறகுதான் முழுசாகத் திறந்தது. அதற்குப் பிறகும் நாங்கள் போனதெல்லாம் வவுனியாவுக்கும் கொழும்புக்கும்தான். மலைநாட்டுக்குப் போக எங்களுக்கு ஒரு காரணம் இருக்கவில்லை.

2023 பெப்ரவரியில் காரணம் வந்தது. கடைசி வருடச் சோதினை முடிந்து, முடிவு வராமல் வீட்டில் குந்திக்கொண்டு இருந்த நேரம். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த எங்கட பட்ச் தோழி குறூப்பில் ஒரு வொய்ஸ் போட்டாள்: "சிவனொளிபாதமலை சீசன் தொடங்கீட்டுது. வாறதெண்டால் இப்ப வாங்கோ. பிறகு ஆளாளுக்கு வேலையெண்டு போயிடுவியள்."

நாலு வருடம் ஒரே அறையில் இருந்தவள். லீவு விட்டால் எங்கள் வீடுகளுக்கு வந்து தங்கியவள். நாங்கள் ஒருநாளும் அவள் வீட்டுக்குப் போனதில்லை என்பது அந்த வொய்ஸைக் கேட்டபோதுதான் உறைத்தது.

வீட்டில் அனுமதி எடுத்த கதையை எழுதினால் அதுவே தனிக் கட்டுரை. மூன்று பெண் பிள்ளைகள், இராத்திரி பஸ், இராத்திரியில் மலையேற்றம். அம்மாமார் ஒருமாதிரி ஓம்பட்ட பிறகு, எங்களில் ஒருத்தியின் மாமி கேட்டா: "அங்க தோட்டக்காட்டில என்ன இருக்கெண்டு போறியள்?" நாங்கள் சிரித்துச் சமாளித்துவிட்டு வந்தோம். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

*

ரயில் பாதை திருத்த வேலை நடந்த காலம் என்றபடியால் பஸ்தான். புதன்கிழமை இரவு ஏறினோம். ஆளுக்கொரு பள்ளிக்கூடப் பை. உள்ளுக்கு ஸ்வெற்றர், ரோர்ச், இரண்டு சோடி சொக்ஸ், பனடோல், அம்மா கட்டித் தந்த பருத்தித்துறை வடை. கிளிநொச்சி தாண்டும்போது ஞாபகம் வந்தது, இங்கேயும் அவளுடைய சொந்தக்காரர் இருக்கிறார்கள். 1977 கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் கனக்க. அவளின் பெரியப்பா குடும்பமும் அப்படித்தான். அதை அவள் முதல் வருடத்திலேயே சொல்லியிருந்தாள். நாங்கள் அரைகுறையாகக் கேட்டிருந்தோம்.

விடிகாலையில் மாத்தளை. இருட்டுக்குள் முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் தலைமன்னாரில் இறங்கி, காட்டுக்குள்ளால் கால்நடையாக வந்து சேர்ந்த இடம் மாத்தளை. பசியிலும் கொலராவிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. நாங்கள் சீற்றைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு வந்தோம், கழுத்து நோகுது என்று புறுபுறுத்துக்கொண்டு.

கண்டி பஸ் நிலையத்தில் அவள் நின்றாள். அங்கே முதல் ஆச்சரியம்: அவளுடைய சிங்களம். ஓட்டோக்காரரோடு விலை பேசியது, தங்கும் இடத்தில் அறையைக் குறைத்து எடுத்தது, சாப்பாட்டுக் கடையில் காரம் குறைக்கச் சொன்னது எல்லாம் அவள்தான். நாங்கள் மூன்று பட்டதாரிகள் (முடிவு வந்தால்) அவளுக்குப் பின்னால் கோழிக்குஞ்சுகள் மாதிரி இழுபட்டுக்கொண்டு திரிந்தோம்.

கண்டி வாவியைச் சுற்றி நடந்தோம். வயலாய்க் கிடந்த இடத்தில் அணை கட்டி 1807இல் இதை உருவாக்கியவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்டியின் கடைசி அரசன். மதுரை நாயக்கர் வழி வந்தவன், இயற்பெயர் கண்ணுசாமி. 1815இல் ஆங்கிலேயர் பிடித்து வேலூருக்கு நாடு கடத்தினார்கள், 1832இல் அங்கேயே இறந்துபோனான். அவனைப் பதவியிறக்கிய கண்டி உடன்படிக்கை 1815 மார்ச் 2ஆம் திகதி, தலதா மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கிற மகுல் மடுவவில் கைச்சாத்தானது. கையொப்பம் வைத்த சிங்களப் பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தில் வைத்திருக்கிறார்கள். செதுக்கு வேலைப்பாடு கொண்ட அந்த மரத்தூண்களுக்கு நடுவில் நின்று இதை அவள் சொன்னபோது, எங்களுக்கு ஒருத்தரும் இதை வடிவாகச் சொல்லித் தரவில்லையே என்று இருந்தது. எங்கட வரலாறு, அவர்களின் வரலாறு என்று தனித்தனிப் பெட்டியில் போட்டுத்தான் நாங்கள் படித்து வந்திருக்கிறோம்.

மாளிகைக்குள் போக உடம்புச் சோதனை, பை சோதனை. 1998 ஜனவரியில் இந்த வாசலில்தான் லொறிக்குண்டு வெடித்தது. எங்களில் இரண்டு பேர் பிறந்த வருடம். சோதனை செய்த பெண் பொலிஸ் அடையாள அட்டையில் ஊரைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டா. எங்களுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது, வாய் ஒட்டிக்கொண்டது. அவள் சிரித்துக்கொண்டு பதில் சொன்னாள். என்ன கேட்டவ என்று பிறகு விசாரித்தால், "யாழ்ப்பாணத்தில இப்ப வெயில் கூடவோ எண்டு கேட்டவ" என்றாள். பயம் எங்களிடம்தான் இருந்தது. ஆனால் அது சும்மா வந்த பயமும் இல்லை.

அடுத்த நாள் பேராதனைப் பூங்கா. மகாவலி மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் மவுண்ட்பேட்டன் தன்னுடைய தென்கிழக்காசியத் தலைமையகத்தை இங்கேதான் வைத்திருந்தார். வரிசையாய் நிற்கிற பனையினத்து மரங்களைப் பார்த்து, "எங்கட பனையிட்ட இந்த மினுக்கம் இல்லை" என்றாள் ஒருத்தி. "உங்கட பனையில நுங்கு இருக்கு, இதில என்ன இருக்கு?" என்றாள் அவள். மதியம் கண்டிக்கு வந்து ஹட்டன் ரயில் ஏறினோம்.

மூன்றாம் வகுப்பு, இருக்க இடமில்லை. கதவடியில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். நாவலப்பிட்டி தாண்ட ரயில் மூச்சு வாங்கத் தொடங்கியது, பிறகு தேயிலை. ஸ்வெற்றரை இழுத்துப் போட்டுக்கொண்டு நாங்களும் படம் எடுத்தோம். சரிவில் கூடையோடு நின்ற பெண்களையும் எடுத்தோம். அவள் அந்த நேரம் கையைக் கட்டிக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

ஹட்டனிலிருந்து பஸ். நோர்வூட் தாண்டி மஸ்கெலியா. மவுசாகலை நீர்த்தேக்கத்தைக் காட்டி, "பழைய மஸ்கெலியா ரவுண் இதுக்குள்ளதான் கிடக்குது. தண்ணி வத்தினா கோயில் தெரியும்" என்றாள். தோட்டத்துக்கு ஏறுகிற பாதையில் இருட்டிவிட்டது. லயத்து வாசலில் அவளின் அம்மா நின்றா.

"வாங்க புள்ளைங்களா, உள்ளுக்கு வாங்க. குளுருல நிக்காதீங்க. சாப்புட்டீங்களா?"

அவள் சொன்னாள்: "இல்லம்மா. ரயில்ல எடமே இல்ல, நின்னுகிட்டே தான் வந்தோம். ஆமா, தம்பி எங்க?"

நாங்கள் மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அது அவளின் குரல்தான், ஆனால் நாங்கள் நாலு வருடமாய்க் கேட்ட குரல் இல்லை. வேகமாய், சத்தமாய், இடையில் சிரிப்போடு. எங்களோடு கதைக்கும்போது அவளுக்கு இப்படிச் சத்தம் வருவதே இல்லை. எங்கள் பக்கம் திரும்பி "இருங்கோ, உடுப்பு மாத்துங்கோ" என்றாள். குரல் உடனே ஒரு படி இறங்கியது.

இரண்டு காம்பறா. முன்னுக்கு ஒரு ஸ்தோப்பு, அதை மறைத்து அடுப்படி. அதற்குள் அப்பா, அம்மா, தம்பி, அப்பாயி, அன்றைக்கு நாங்களும். ரொட்டியும் கட்டச் சம்பலும். அந்தச் சம்பலின் உறைப்பும் அந்தக் குளிரும் சேர்ந்தால் எத்தனை ரொட்டி உள்ளே போகும் என்பதற்குக் கணக்கில்லை. நாங்கள் படுக்கக் கட்டிலைத் தந்துவிட்டு அப்பாவும் தம்பியும் பக்கத்துக் காம்பறாவுக்குப் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை காலை அம்மா வேலைக்குப் போய்விட்டா. பத்து மணிபோல நாங்கள் தேத்தண்ணி கொண்டு மலைக்குப் போனோம். கீழே நின்று பார்க்கப் பச்சைக் கம்பளம் மாதிரித்தான். உள்ளே இறங்கினால் நிரைக்கு நிரை இடுப்பளவு செடி, காலுக்குக் கீழே வழுக்கல் மண், கல், அட்டை. அம்மாவின் விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. அப்போது நாட்சம்பளம் 1000 ரூபா. அதுவும் 2015 தொடக்கம் கேட்டுப் போராடி 2021இல் கிடைத்த ஆயிரம். அடுத்த வருடமே நாட்டின் நெருக்கடியில் சாப்பாட்டுச் சாமான் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பாகி அதைத் தின்றுவிட்டது. சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. முழு நாள் நின்றாலும் பாதிச் சம்பளம்தான். அதற்கு ஒரு சொல் வைத்து அதைத் தினமும் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு வாழ்கிறார்கள்.

எங்களில் ஒருத்தி போனை எடுத்தாள். பிறகு பொக்கற்றுக்குள் வைத்தாள். அம்மாதான் கேட்டா: "என்ன புள்ள, என்னைய ஒரு படம் எடுக்க மாட்டீங்களா? கூடைய எறக்கிட்டு நிக்கிறேன், இருங்க." கூடையை இறக்கி, தலைத் துணியை அவிழ்த்து, மகளையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு நின்றா. அந்தப் பயணத்தில் எடுத்த படங்களில் நாங்கள் பிறின்ற் போட்டது அது ஒன்றைத்தான்.

*

இரவு பத்தரைக்கு நல்லதண்ணியில் இறங்கினோம். மலையைப் பார்த்தால் மலை தெரியாது, இருட்டில் விளக்குச் சரம் ஒன்று வானத்துக்கு ஏறிக்கொண்டு போவதுதான் தெரியும். உயரம் 2,243 மீற்றர், படிகள் ஐயாயிரத்து ஐந்நூறு அளவில். பௌத்தர்களுக்கு ஸ்ரீ பாதம், எங்களுக்குச் சிவனொளிபாதம், முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா இந்த மலை ஏற ஆசைப்பட்டபோது, பல்லக்கும் ஆட்களும் கொடுத்து அனுப்பிவைத்தவன் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. அப்போதே மலையில் பிடித்து ஏற இரும்புச் சங்கிலி இருந்தது என்று பதூதா எழுதியிருக்கிறார். ஆக, யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வருவது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. நாங்கள்தான் விட்டுவிட்டோம்.

சீத கங்குலவில் முகம் கழுவினோம், கை விறைத்தது. அதுவரைக்கும் நடைபாதைதான். அதற்குப் பிறகுதான் படி தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. கைக்குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அப்பா எங்களைத் தாண்டிப் போனார். எழுபது வயது ஆச்சி ஒருத்தி ஒவ்வொரு படிக்கும் ஒரு 'சாது' சொல்லி ஏறினா. எங்களுக்கு மூச்சு வாங்கியதில் சொல்ல ஒன்றும் வரவில்லை.

மூன்று மணிபோல ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில், படியோரம் குந்தினோம். அவளின் அம்மா போன் எடுத்தா. "ஆமாம்மா... ஆமா, போட்டிருக்கோம்... சரிம்மா." வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். எங்களில் ஒருத்தி, ஏன் என்று தெரியாது, குளிரோ களைப்போ, கேட்டுவிட்டாள்: "எங்களோட ஏன் நீ இப்பிடிக் கதைக்கிறேல்ல?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளின் வீட்டுத் தமிழிலேயே சொன்னாள்.

"மொத வருசம் ஹொஸ்டல்ல, நான் அம்மாகிட்ட பேசுறத மாதிரி ஒருத்தி பேசிக் காட்டுனீங்க. 'ஆமாம்மா, சாப்புட்டேம்மா'னு. மத்த ரெண்டு பேரும் சிரிச்சீங்க. நான் குளிச்சிட்டு வாளியோட கதவுக்கு வெளிய தான் நின்னேன்."

எங்களுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. அவள் கேட்கவில்லை என்றுதான் நாலு வருடமும் நினைத்திருந்தோம். உண்மையில், அதை ஒரு பெரிய விசயமாக நினைத்திருக்கவே இல்லை. அதைவிட மோசமானது இன்னொன்று. அந்தத் தவணை முடிவில் அவள் 'ஓம்' சொல்லத் தொடங்கியபோது, "இப்ப நீ எங்கட ஆள் மாதிரியே கதைக்கிறாய்" என்று பாராட்டியவர்களும் நாங்கள்தான். நாங்கள் அதை நட்பு என்று நினைத்தோம். நாலு வருடமாய் அவள் எங்களோடு வாய் திறக்க முதல் ஒவ்வொரு தரமும் ஒரு சொல்லை மாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பேசிக் காட்டியது யார் என்று இங்கே எழுதவில்லை. மறைக்க இல்லை. சிரித்தவர்களுக்கும் அதில் பங்கு இருப்பதால்தான் இந்தக் கட்டுரை 'நாங்கள்' என்று போகிறது.

1948இல் மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தைப் பற்றிப் படித்தோம். அந்தப் பிரச்சினையில் தமிழ்க் காங்கிரஸ் உடைந்து 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்ததையும் படித்தோம், சோதினையில் எழுதிப் புள்ளியும் எடுத்தோம். வடக்கின் தலைவர்கள் அப்போது சரியாக நடந்தார்களா என்று கன்ரீனில் இருந்து மணிக்கணக்கில் விவாதித்தோம். அந்த விவாதங்களில் அவளும் பக்கத்தில் இருந்தாள், 'ஓம்' சொல்லிக்கொண்டு.

மன்னிப்புக் கேட்டோம். சினிமாவில் வருகிற மாதிரிக் கட்டிப்பிடித்து அழவில்லை. "சரி, எந்திரிங்க, இல்லாட்டி சூரியன் வந்துரும்" என்றாள். எழும்பினோம். அவள் முன்னுக்குப் போனாள், நாங்கள் பின்னுக்கு. அந்த அரை மணித்தியாலம் ஒருத்தரும் கதைக்கவில்லை. படி செங்குத்தாய் இருந்தது நல்லதாய்ப் போய்விட்டது.

*

சூரிய உதயத்தை உச்சியில் நின்று பார்த்தோம் என்று எழுத ஆசைதான். சனிக்கிழமை இரவுச் சனம். உச்சிக்கு நூறு படி கீழே வரிசை அசையாமல் நின்றுவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒருத்தரின் கம்பளி மூக்கில் முட்ட, அப்படியே நின்று பார்த்தோம். கிழக்கில் மலைகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாய்ச் சாம்பல் நிறத்தில் பிரிந்தன. சூரியன் வர வரிசை முழுக்க ஒரே சத்தம், சாது சாது என்றும் அரோகரா என்றும். மேற்குப் பக்கம் முக்கோணமாய் விழுகிற மலையின் நிழல் பெயர்பெற்றது. நாங்கள் மேலே போய்ச் சேர முதலே அது கரைந்துவிட்டது.

உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது தரம் ஏறுகிறோமோ அத்தனை தரம் அடிக்க வேண்டும். அவள் ஐந்து தரம் அடித்தாள். நாங்கள் ஆளுக்கு ஒன்று. அம்மாவுக்கு முழங்கால் பழுதாக முதல் பன்னிரண்டு தரம் ஏறியிருக்கிறாவாம். நீயே அம்மாவுக்காகவும் அடியன் என்றோம். "அது அவுங்க ஏறுனது. நம்ம அடிக்க ஏலாது" என்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: சீசன் மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும். மற்றக் காலத்தில் விளக்கும் இல்லை, கடையும் இல்லை, மழையும் காற்றும்தான். சனி இரவையும் போயாவையும் தவிருங்கள். கிழமை நாளில் இரண்டு மணிக்குத் தொடங்கினால் போதும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைத் தின்னும், ஒரு தடி வைத்திருங்கள். கொண்டுபோன பொலித்தீனைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். மலைநாட்டில் உங்களுக்குத் தெரிந்த ஆள் இருந்தால், ஹோட்டலை விட்டுவிட்டு அவர்களின் வீட்டுக்கு ஒருநாளாவது போங்கள். அதற்கு முன், உங்கள் ஹொஸ்டல் அறையில் என்ன சிரித்தீர்கள் என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள்.

வெளிக்கிடும்போது அம்மா ஆளுக்கொரு சின்னப் பார்சல் தந்தா. தோட்டத்தில் அவர்களுக்குக் கொடுக்கிற தேயிலைத்தூள். "ஒங்க அம்மாகிட்ட குடுங்க. அடுத்த வாட்டி அவுங்களயும் கூட்டிட்டு வாங்க." ஹட்டன் பஸ் நிலையத்தில் தோழி கையாட்டினாள். "போய்ட்டு மெசேஜ் போடுங்க" என்றாள். 'போடுங்கோ' இல்லை.

யாழ்ப்பாணம் வந்து மூன்றாம் நாள் மாமி வீட்டுக்கு வந்தா. அந்தத் தூளில் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "நல்ல சாயம்" என்றா. பிறகு கேட்டா: "என்ன, தோட்டக்காடு எப்பிடி?"

போன தரம் சிரித்தோம். இந்தத் தரம் சிரிக்கவில்லை.

"மலையகம், மாமி."

"ஓமோம், அதுதான்."

"அதில்லை மாமி, இருங்கோ" என்று சொல்லி, மாத்தளையிலிருந்து தொடங்கினோம். மாமி எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டா என்று சொல்ல மாட்டோம். ஆனால் எழும்பிப் போகவில்லை. இரண்டாவது கோப்பைத் தேத்தண்ணியும் கேட்டு வாங்கிக் குடித்தா.